மூடியின் மேல் ஒரு வட்டம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. ஒரு வாடிக்கையாளரின் டிஸ்க்கில் இருந்ததை, என் மனைவியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தேன். தேனி பஜாரில் இருக்கும் எங்கள் கடையில் ஓர் அறிவிப்பு தொங்குகிறது: 'உங்கள் கோப்புகளை நாங்கள் திறந்து பார்க்க மாட்டோம்.' அதை அச்சடித்து ஒட்டியவனே நான்தான்.

கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள் என் மனைவி இவாஞ்சலின். என் பெயர் ஜஸ்டின். மவுஸ், சார்ஜர், கேபிள் விற்பதும், வருகிறவர்களை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பதும் என் வேலை. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன், அதுவும் கடையின் சோதனைக் கம்ப்யூட்டரில். இவாஞ்சலின் அதை எப்போது வேண்டுமானாலும் சுத்தமாக அழித்துப் புதிதாக ஏற்றுவாள். இந்தக் கதையின் முதல் இரண்டு தொடக்கங்கள் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. ஞாபகத்திலிருந்து தருகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: "மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற கம்பம் பள்ளத்தாக்கில்..."

(இதைப் படித்துவிட்டு இவாஞ்சலின் கேட்டது: "டூரிஸ்ட் பஸ்ல ஏறிட்டீகளா?" அழிந்ததில் எனக்கும் வருத்தமில்லை.)

தொடக்கம் இரண்டு: "இயந்திரத்துக்கு இதயம் உண்டா என்று

இது அங்கேயே நின்றது. நானே நிறுத்திவிட்டேன். அவ்வளவு வெட்கம் எனக்கும் உண்டு.

தொடக்கம் மூன்று: நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், காமயகவுண்டன்பட்டியிலிருந்து சுந்தரலிங்கம் என்ற திராட்சை விவசாயி ஒரு மஞ்சள் துணிப்பையோடு கடைக்கு வந்தார். பைக்குள் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்.

இதை இவாஞ்சலின் ஒன்றும் சொல்லவில்லை. இதிலிருந்தே போகலாம்.*

* பெயர்களையெல்லாம் மாற்றிவிட வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. மாற்றிவிட்டேன். ஊரையும் மாற்றியிருக்கலாம். திராட்சையை மட்டும் மாற்ற முடியவில்லை. வாழை என்று எழுதிப் பார்த்தேன், கதையே நகரவில்லை.

3

"என்னண்ணே செய்யுது?" என்று கேட்டாள் இவாஞ்சலின்.

"மொதல்ல காலையில மட்டும் மெசேஜ் வராம இருந்துச்சும்மா. மத்தியானமா ஆஃப் பண்ணிப் போட்டா வந்துரும். இப்ப ஒம்பது நாளா எப்பப் போட்டாலும் இல்ல."

"என்ன மெசேஜ்?"

அவர் ஃபோனை எடுத்து நீட்டினார். கடைசியாக வந்த மெசேஜ் திரையில் இருந்தது. "அப்பா, நேத்து ராத்திரி இலை ரெண்டு மணி நேரந்தான் ஈரமா இருந்துச்சு. இன்னிக்கு மருந்து அடிக்க வேண்டாம்."

விஷயம் இதுதான். இலையில் ஈரம் எத்தனை மணி நேரம் தங்குகிறது என்பதைப் பொறுத்துத் திராட்சைக்கு நோய் வரும். அவருடைய மகள் பாண்டீஸ்வரி, கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது இந்த டப்பாவைச் செய்து தோட்டத்து மோட்டார் ரூமில் மாட்டினாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது ஈரத்தையும் வெப்பத்தையும் அளந்து குறித்துக்கொள்ளும். காலை ஐந்தரைக்கு, மருந்து அடிக்க வேண்டுமா வேண்டாமா என்று அப்பாவுக்குச் சொல்லும். வாசகங்களை அவளே எழுதி உள்ளே போட்டிருந்தாள். அதனால் எல்லாமே 'அப்பா' என்றுதான் தொடங்கும்.

"இத செஞ்ச பிள்ளைய ஒரு வார்த்தை கேட்டீகளாண்ணே? அவுகளுக்கே தெரியுமே."

சுந்தரலிங்கம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "அவ ஓசூர்ல வேலைக்கு இருக்கா," என்றார். அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

4

மிச்சத்தை அவர் வாயிலிருந்து வாங்கியது நான்தான். பேச்சுக் கொடுப்பது என் வேலை என்று சொன்னேன் அல்லவா.

போன வருடம் ஒரு நாள், கம்பத்தில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் வைத்து, ஏழெட்டு விவசாயிகள் நிற்கும்போது பாண்டீஸ்வரி சொல்லிவிட்டாள்: "எங்கப்பா நோய்க்கு மருந்து அடிக்கல, பயத்துக்கு அடிக்கிறாக." கையில் இரண்டு வருடக் கணக்கு வைத்திருந்தாள், சொன்னது சரிதான். கடைக்காரர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். சுந்தரலிங்கம் வாங்கிய மருந்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். வீட்டுக்கு வந்தும் மகளோடு பேசவில்லை. அந்த மாதமே அவள் ஓசூருக்குப் போய்விட்டாள். பதினாறு மாதம் ஆகிறது.

"அவளும் ஃபோன் அடிக்கல?"

"அவுகம்மாவுக்கு அடிப்பா. முத்துமாரி வெளிய போய்ப் பேசிட்டு வருவா."

"உங்களுக்கு?"

"எனக்கு அஞ்சரைக்கு மெசேஜ் வருமில்ல," என்றார். பிறகு, தப்பான இடத்தில் காலை வைத்துவிட்ட மாதிரி, "அது மெசினு அனுப்புறது," என்று சேர்த்துக்கொண்டார்.

(இந்த இடத்தில் முதல் பிரதியில் 'அவர் கண்கள் பனித்தன' என்று எழுதியிருந்தேன். இவாஞ்சலின் அடித்துவிட்டாள். "அவுக முழங்கையச் சொறிஞ்சிட்டு இருந்தாக. நான் பாத்தேன்." உண்மை. முழங்கையைத்தான் சொறிந்துகொண்டிருந்தார்.)

5

இனி கொஞ்சம் பழுது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக இருப்பது ஒரு மெமரி கார்டு மட்டும். மூன்று வருடக் கணக்கை அதில் வைத்தால் தாங்காது. அதனால் பாண்டீஸ்வரி அதன் மேலே இன்னொரு சர்க்யூட் பலகையைப் பொருத்தி, அதில் ஒரு டிஸ்க்கை மாட்டியிருந்தாள். இரண்டு பலகைக்கும் நடுவே போவது வேர்க்கடலைத் தோல் மாதிரி மெல்லிசான ஒரு பட்டைக் கேபிள். அதன் நுனியில் பதினாறு மெல்லிய செம்புக் கோடுகள். கணக்கு, மெசேஜ் அனுப்பும் புரோகிராம் எல்லாம் டிஸ்க்கில். டிஸ்க் தெரியவில்லை என்றால் டப்பா ஊமை.

இவாஞ்சலினுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் தேவையில்லாததையெல்லாம் கழற்றி ஓரமாக வைப்பாள். நெட்டுக்காகச் சிம் போட்ட டாங்கிள் ஓரத்துக்குப் போனது. அவர் மாட்டியிருந்த மொபைல் சார்ஜர் போனது, ஏனென்றால் கரண்ட் பற்றாமல்தான் பாதி டிஸ்க்குகள் காணாமல் போகும். நல்ல சார்ஜரில் போட்டாள். டிஸ்க் வந்தது. ஜம்மென்று ஓடியது.

"சார்ஜருதானா?" என்று நான் பில் புத்தகத்தை எடுத்தேன்.

"பொறுங்க," என்றாள். அவருடைய பழைய சார்ஜரிலேயே திரும்பப் போட்டாள். அதிலும் ஓடியது.

பல் டாக்டர் வாசலுக்குப் போனதும் வலி நின்றுபோகும் பல் மாதிரி, பழுது கடைக்கு வந்ததும் ஒளிந்துகொண்டது. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது.

"ராத்திரி இங்கன இருக்கட்டும்ணே. காலையில பாப்போம்."

அவருக்கு விட்டுப் போக மனமில்லை. பஸ்ஸுக்கு எழுந்தவர் திரும்ப உட்கார்ந்தார். "ஏம்மா, அந்த மெசேஜுக்கு நாம ஏதாச்சும் பதில் எழுதுனா அது எங்கன போகும்?"

"இந்த டிஸ்க்லதாண்ணே சேரும். வேற எங்கயும் போகாது."

"யாரும் பாக்க முடியாது?"

"செஞ்சவுக பாஸ்வேர்டு போட்டா எங்கன இருந்தும் பாக்கலாம். பாத்தாத்தான்."

"ம்," என்றார். கிளம்பினார்.

6

காலையில் கடையைத் திறந்தபோது டிஸ்க் இல்லை. ராத்திரி மழை பெய்திருந்தது. நான்கு மணி சுமாருக்கு டிஸ்க் கழன்றுகொண்டது என்று அந்தக் கம்ப்யூட்டரே எழுதி வைத்திருந்தது.

முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்ட சுந்தரலிங்கம் வாசலில் நின்றார். இவாஞ்சலின் அவரிடம் நேராகச் சொன்னாள். "அண்ணே, சுளுவான வழி ஒண்ணு இருக்கு. புது பலகை, புது டிஸ்க்கு. புரோகிராம நான் எழுதிப் போட்டுத் தாரேன். சாயங்காலம் கொண்டு போயிரலாம்."

"பழசு?"

"பழசு போச்சுன்னு வச்சுக்கங்க. இனிமே வாரத மட்டும் குறிக்கும்."

"வேணாம்மா."

"போன வருசத்து ஈரத்த வச்சு என்னண்ணே செய்யப் போறீக?"

"பழசுதாம்மா வேணும்," என்றார். குரலை உயர்த்தவில்லை. பல நாள் யோசித்து வைத்திருந்ததைச் சொன்ன மாதிரி இருந்தது. சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவர் போனதும் இவாஞ்சலின் டிஸ்க்கை மட்டும் கழற்றி, தனி உறையில் போட்டு, சோதனைக் கம்ப்யூட்டரில் சொருகினாள். (அதில் திறந்திருந்த என் கதையைச் சேமிக்காமலே மூடினாள். அது வேறு கதை, அதைப் பற்றி நாங்கள் தனியாகச் சண்டை போட்டுக்கொண்டோம்.) டிஸ்க் உயிரோடு இருந்தது. கோப்புகள் உடையாமல் இருக்கின்றனவா என்று பார்க்கக் கடைசிக் கோப்பைத் திறந்தாள்.

ஒவ்வொரு நாளும் மெசின் அனுப்பிய வரி. அதற்குக் கீழே, மெசின் எழுதாத ஒரு வரி. பதினாறு மாதம். மெசேஜ் வந்த ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

இவாஞ்சலின் மூன்று வரிக்கு மேல் கதையில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மூன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

"சரி ஆத்தா. அடிக்கல."

"நேத்து நல்ல மழை. நீ சொன்னா மட்டுந்தான் அடிக்கிறேன். இந்தக் காய்ப்புக்கு நாலு மருந்துதான் அடிச்சிருக்கேன், கடைக்காரன்கிட்டயும் சொன்னேன்."

"ஒங்கம்மாவுக்கு முழங்கால் வலி. நான் சொன்னேன்னு கேக்காத."

அவள் படக்கென்று கோப்பை மூடினாள். "எதுக்கு எட்டிப் பாக்குறீக?" என்று என்னைத்தான் கேட்டாள். ஆனால் அவள் கை மவுஸிலேயே இருந்தது, கொஞ்ச நேரம் நகரவில்லை.

6 (தொடர்ச்சி, இவாஞ்சலினுக்குத் தெரியாமல் எழுதியது)

வெளியூரிலிருந்து யார், எந்தத் தேதியில் உள்ளே வந்து பார்த்தார்கள் என்பதையும் அந்தக் கம்ப்யூட்டர் தனிக் கோப்பில் எழுதிவைக்கும். அதுவும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. இவாஞ்சலின் கேபிளை எடுக்க உள்ளே போன நேரம், நான் அந்தக் கோப்பின் மேல் அம்புக்குறியை வைத்துவிட்டேன். ஒரே அழுத்து. மகள் அதையெல்லாம் படித்தாளா, படிக்கவே இல்லையா என்று தெரிந்துவிடும். இந்தக் கதைக்கு ஒரு முடிவும் கிடைத்துவிடும்.

கதை எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட கோப்புகளைத் திறப்பதுதான் பிழைப்பு. நாங்களெல்லாம் அடுத்தவர் பெட்டியைத் திறந்துவிட்டு, அதற்கு மனிதாபிமானம் என்று பெயர் வைத்துக்கொள்கிறவர்கள். நான் ஏன் கையை எடுத்தேன் என்று இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. மகள் படிக்கவில்லை என்று இருந்துவிட்டால் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. அதுதான் காரணம் என்றால், இது ஒழுக்கம் இல்லை, பயம். ஆனாலும் கையை எடுத்தேன்.

7

டிஸ்க் நல்லது என்றால் பழுது பலகையில், அல்லது கேபிளில். கேபிளைக் கழற்றித் திருப்பி மாட்டினாள். ஐந்து நிமிடம் ஓடி நின்றது. டிஸ்க்கின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். அதுவும் நின்றது. கடைசியில் பூதக்கண்ணாடியை எடுத்துக் கேபிள் நுழையும் வாயைப் பார்த்தாள். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு துடைப்பு துடைத்தாள். பஞ்சு மஞ்சளானது.

கடையில் சந்தன வாசனை அடித்தது.

நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. ஆனால் கடையில் அது ஒரு சீசன். அக்டோபர் வந்தால் கீபோர்டுக்குள் குங்குமம், பிரிண்டரில் பொரி, மானிட்டர் ஓட்டையில் கதம்பம் என்று வரிசையாக வரும். இவாஞ்சலின் சலிக்காமல் எல்லாவற்றையும் துடைத்துக் கொடுப்பாள். ஆனால் நான்கு திருகு போட்டு மூடிய டப்பாவுக்குள் சந்தனம் இருக்கும் என்று அவளுக்கே தோன்றவில்லை.

டீ குடித்துவிட்டு வந்த சுந்தரலிங்கத்திடம் கேட்டாள். "அண்ணே, ஆயுத பூசைக்கு இதத் தொறந்தீகளா?"

"நான் எதுக்கும்மா தொறக்குறேன்."

"உள்ள சந்தனம் இருக்கு."

"மோட்டாருக்கு வச்சேன். தெறிச்சிருக்கும்."

"மூடி போட்ட டப்பாவுக்குள்ளயாண்ணே?"

அவர் பஞ்சைப் பார்த்தார். மோட்டார் ரூம் ஈரத்தில் அந்தச் சந்தனம் ராத்திரியெல்லாம் ஊறி, செம்புக் கோடுகளை மூடியிருக்கிறது. வெயில் ஏறினால் காய்ந்து வழி விட்டிருக்கிறது. போகப் போக அதுவும் இல்லை; பஸ் வெக்கையில் காய்ந்து வந்ததால்தான் கடையில் முதல் நாள் ஓடியிருக்கிறது. இவாஞ்சலின் இதைச் சொல்லச் சொல்ல அவர் தலை குனிந்துகொண்டே போனது.

"எல்லாத்துக்கும் வச்சேன். மம்பட்டிக்கு வச்சேன், தெளிப்பானுக்கு வச்சேன்," என்றார். "இத மட்டும் எப்பிடி விடுறது?"

"மூடி மேல வச்சிருக்கலாமில்லண்ணே."

"மூடிக்கா வைப்பாக? அது உள்ளதானம்மா இருக்கு."

இவாஞ்சலின் பஞ்சை மறுபடி ஸ்பிரிட்டில் தொட்டாள். கடைசிக் கோட்டையும் துடைத்து, காயவைத்து, கேபிளைச் சொருகினாள். டிஸ்க்கை மாட்டினாள். ஓரமாக வைத்திருந்த டாங்கிளையும் எடுத்து மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள்.

இரண்டு நிமிடம் கழித்து, அவர் சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது.

எடுத்தார். கையை நீட்டித் தூரமாக வைத்துப் படித்தார். பையில் போட்டார். மறுபடி எடுத்து எங்களிடம் காட்டினார். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அனுப்புவதற்காக மகள் எழுதி வைத்திருந்த வரி அது.

"அப்பா, கரண்டு வந்துருச்சு. நான் இங்கனதான் இருக்கேன்."

இவாஞ்சலின் மேஜை டிராயரைத் திறந்து எதையோ வெகுநேரம் தேடினாள். வட்டமான ஒரு வெள்ளை லேபிளை எடுத்தாள், கேபிள்களுக்கு அடையாளம் ஒட்டுவது. டப்பாவின் மூடியில் நட்டநடுவில் ஒட்டி, விரலால் அழுத்தினாள்.

"இனிமே இங்கன வைங்கண்ணே. உள்ள போய்ச் சேந்துரும்."

8

இப்போது முடிவுகள்.

முடிவு அ: சுந்தரலிங்கம் எங்கள் கடையிலிருந்தே மகளுக்கு ஃபோன் செய்கிறார். மூன்று பக்கம் எழுதினேன், உரையாடல் நன்றாக வந்திருந்தது. இவாஞ்சலின் படித்துவிட்டு, "அவுக ஃபோனத் தொடவே இல்ல. பையத் தூக்குனாக, நன்றின்னாக, போனாக," என்றாள். அழித்தேன்.

முடிவு ஆ: பாண்டீஸ்வரி அந்தப் பதில்களை ஒருநாள் தற்செயலாகக் கண்டுபிடித்து, அழுதுகொண்டே பஸ் ஏறி

இல்லை.

முடிவு இ: அவள் ஆரம்பத்திலிருந்தே எல்லாவற்றையும் படித்துவருகிறாள். வாரத்துக்கு ஒருமுறை. முழங்கால் வலியைப் படித்ததும் அம்மாவுக்கு ஃபோன் செய்து, வேறு எதையோ பேசுவது போலப் பேசி, மருந்து வாங்கி அனுப்புகிறாள். படிப்பதை அப்பாவிடம் மட்டும் சொல்வதில்லை. சொன்னால் அவர் எழுதுவதை நிறுத்திவிடுவார்.

இதுதான் எனக்குப் பிடித்தது. இது உண்மையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளக்கூடச் செய்தேன். ஆனால் வேண்டிக்கொள்வதை எழுதி, நடந்தது என்று உங்கள் தலையில் கட்டுவது சரியில்லை.

9

அதற்குப் பிறகு நடந்தது ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் கடை நம்பருக்குச் சுந்தரலிங்கத்திடமிருந்து ஒரு படம் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. மோட்டார் ரூம் சுவர், அதில் டப்பா, மூடி, நடுவில் வெள்ளை வட்டம். வட்டத்துக்குள் ஒரு பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். கட்டைவிரலால் வைத்தது. அதன் பக்கத்தில், வட்டத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, இன்னொரு சின்னப் பொட்டு.

நான் படத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். பொங்கலுக்கு ஓசூரிலிருந்து பஸ் உண்டு, லீவும் உண்டு. அவர் மனைவி முத்துமாரியம்மாளுக்கும் விரல் சின்னதாக இருக்கலாம், நான் அவரைப் பார்த்ததே இல்லை. ரேகை தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தபோது இவாஞ்சலின் என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"யாரோடதா இருக்கும் இவா?"

"டிஸ்க் ஓடுதுல்ல. எனக்கு அது போதும்," என்றாள். ஆனால் ஃபோனைத் திருப்பித் தரவில்லை. வெகுநேரம் அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய பொட்டு யாருடையது என்று எனக்குத் தெரியும். சின்னதை உங்களிடம் விடுகிறேன். எந்த விரல் என்று நீங்களே தீர்மானித்து வையுங்கள். மூடிக்கு மேலேயே வையுங்கள்.